10 நாள் டிரைவிங் க்ராஷ் கோர்ஸ்: காசு கட்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க



கொஞ்ச நாள் முன்னாடி மதுரையிலிருந்து என் சித்தி பையன் போன் பண்ணினான். வயசு 24, இப்போ மாசம் 40,000 ரூபாய் சம்பளம். ஒரு கம்பெனியில ஏரியா சேல்ஸ் வேலை கிடைச்சிருக்கு, சம்பளமும் கூட. ஆஃபர் லெட்டர்ல ஒரே ஒரு நிபந்தனை: சேரும் நாளில் கார் லைசென்ஸ் கையில் இருக்கணும். சேர 45 நாள் இருக்கு.

"அக்கா, இங்க ஒரு ஸ்கூல்ல க்ராஷ் கோர்ஸ் இருக்கு. பத்தே நாள்ல முடிச்சிடலாம். இன்னைக்கே பணம் கட்டிடவா?"

நான் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான். "எல்எல்ஆர் போட்டியாடா?"

"இல்லக்கா. அதெல்லாம் கோர்ஸ் முடிச்சதும் அவங்களே பார்த்துப்பாங்களாம்."

அந்த ஒரு பதிலில் அவனுடைய புது வேலையே போயிருக்கும். எப்படின்னு சொல்றேன். க்ராஷ் கோர்ஸ் நல்லதா கெட்டதா என்று இந்தப் பதிவில் நான் தீர்ப்பு சொல்லப் போறதில்லை. உங்களுக்கு அது தேவையா, தேவைன்னா எப்போ சேரணும், அதோட உண்மையான விலை என்ன என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துடலாம்.

முதலில் காலண்டரை எடுங்க

சட்டம் என்ன சொல்லுதுன்னா, எல்எல்ஆர் எடுத்து குறைந்தது 30 நாள் முடிந்த பிறகுதான் நீங்க டிரைவிங் டெஸ்டுக்கே போக முடியும். எல்எல்ஆர் செல்லுபடியாகும் காலம் 6 மாதம். அதாவது 31-வது நாளிலிருந்து ஆறாவது மாதம் முடியும் வரை உங்களுக்கு நேரம் இருக்கு.

இப்போ யோசிச்சுப் பாருங்க. நீங்க 10 நாளில் கத்துக்கிட்டாலும் சரி, 25 நாளில் கத்துக்கிட்டாலும் சரி, டெஸ்ட் தேதி மாறாது. "சீக்கிரம் லைசென்ஸ் வேணும், அதனால க்ராஷ் கோர்ஸ்" என்று சேருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கோர்ஸ் வேகமாகும், லைசென்ஸ் வேகமாகாது.

தம்பி கேஸைப் பாருங்க. அவன் நினைச்ச மாதிரி முதல் 10 நாள் கோர்ஸ், அப்புறம் எல்எல்ஆர் என்று போயிருந்தால், எல்எல்ஆர் கிடைக்கவே 14, 15 நாள் ஆகியிருக்கும். அதுக்கு மேல 30 நாள். 45-வது நாள் சேரும் தேதியே வந்துடும், டெஸ்ட் இன்னும் முடிஞ்சிருக்காது. அதுமட்டுமில்ல, எல்எல்ஆர் இல்லாமல் ரோட்டில் ஸ்டீயரிங் பிடிப்பதே சட்டப்படி தப்பு. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். 2019-ல் சட்டம் திருத்தியபோது உயர்த்தின தொகை இது.

அதனால முதல் விதி: கோர்ஸ் எதுன்னு முடிவு பண்ண ஒரு வாரம் எடுத்துக்குங்க, தப்பில்லை. எல்எல்ஆருக்கு மட்டும் இன்னைக்கே விண்ணப்பிங்க. பரிவாகன் இணையதளத்தில் நீங்களே பண்ணலாம். அந்த 30 நாள் கடிகாரம் ஓட ஆரம்பிச்சாதான் மற்ற எல்லாம்.

லைசென்ஸ் வேற, ஓட்டத் தெரியுறது வேற

இதை நான் புத்தகத்தில் படிச்சுத் தெரிஞ்சுக்கலை. சிஏ முடிச்ச வருஷம், ஊருக்கு வந்திருந்த விடுமுறையில் நானும் ஒரு பத்து நாள் கோர்ஸ் போனேன். டெஸ்டும் பாஸ். லைசென்ஸ் கார்டு வந்த அன்னைக்கு வீட்டில் கேசரி எல்லாம் பண்ணினாங்க. அதோட சென்னைக்குத் திரும்பி வேலையில் மூழ்கிட்டேன். எட்டு மாசம் ஸ்டீயரிங்கையே தொடலை.

அடுத்த தடவை ஊருக்குப் போயிருந்தப்போ, ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி. கார் போர்டிகோவில் நிக்குது. சாவி ஆணியில் தொங்குது. லைசென்ஸ் என் பர்ஸில் இருக்கு. ஸ்டார்ட் பண்ணி கிளட்ச்சை விட்டேன், ஆஃப் ஆச்சு. திரும்ப ஸ்டார்ட் பண்ணேன், திரும்ப ஆஃப். கை நடுங்குது. மூணாவது தடவைக்கு மேல முயற்சி பண்ணாம ஓடிப்போய் எதிர் வீட்டு அண்ணனை எழுப்பினேன். அவர்தான் ஓட்டிட்டு வந்தார்.

அப்பா இப்போ நல்லா இருக்கார். ஆனா அந்த மூணு நிமிஷம் இன்னும் எனக்கு மறக்கலை. அந்தக் கோர்ஸுக்கு நான் கட்டின பணத்தில் எனக்குக் கிடைச்சது ஒரு கார்டு மட்டும்தான்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

இதைச் சொல்லக் காரணம், குறுகிய காலத்தில் அடைச்சு வெச்சுக் கத்துக்கிட்டதை உடனே தொடர்ந்து பழகலைன்னா வேகமா மறந்துடும். பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி படிச்சது மாதிரிதான். பரீட்சை பாஸ் ஆகலாம், ஆறு மாசம் கழிச்சுக் கேட்டால் ஒண்ணும் ஞாபகம் இருக்காது. கோர்ஸ் முடிஞ்ச பிறகு ஓட்ட உங்களுக்கு ஒரு கார் இருக்கா என்பதுதான் கோர்ஸை விட முக்கியமான கேள்வி.

நாளை எண்ணாதீங்க, ஸ்டீயரிங் நேரத்தை எண்ணுங்க

"10 நாள்", "20 நாள்", "15 கிளாஸ்" இப்படித்தான் போர்டில் எழுதியிருப்பாங்க. அதில் உங்களுக்கு உபயோகமான தகவல் எதுவுமே கிடையாது. ஒரு மணி நேர கிளாஸில் காரில் மூணு பேர் இருந்தால் உங்க கையில் ஸ்டீயரிங் இருப்பது 20 நிமிஷம்தான். மீதி 40 நிமிஷம் நீங்க பின் சீட் பயணி.

எவ்வளவு நேரம் ஓட்டினால் போதும்? இதுக்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கு. அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்காக மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதியில், கார் போன்ற இலகுரக வாகனத்துக்கான பயிற்சி மொத்தம் 29 மணி நேரம், அதிகபட்சம் 4 வாரத்துக்குள். அதில் 8 மணி நேரம் வகுப்பறைப் பாடம், 21 மணி நேரம் ஓட்டும் பயிற்சி. சாதாரண ரோடு, கிராமத்து ரோடு, நெடுஞ்சாலை, நகரத்து ரோடு, ரிவர்ஸ், பார்க்கிங், மேடு, இறக்கம் எல்லாம் அந்த 21 மணி நேரத்தில் அடக்கம். இந்த மையங்களில் பயிற்சி முடிச்சுத் தேறினவங்களுக்கு ஆர்டிஓ டிரைவிங் டெஸ்டிலிருந்து விலக்கும் உண்டு. அப்படி ஒரு மையம் உங்க ஊருக்குப் பக்கத்தில் இருந்தால் முதலில் அங்கே விசாரிங்க.

ஆக, 21 மணி நேரம் என்பதை மனசில் வெச்சுக்குங்க. இப்போ தம்பி விசாரிச்ச மூணு வழிகளைப் பார்ப்போம். ரேட் ஊருக்கு ஊர் மாறும், நீங்க கணக்குப் போடும் முறையை மட்டும் எடுத்துக்குங்க.

வழி 1, வழக்கமான கோர்ஸ்: 6,000 ரூபாய், 20 நாள், தினம் ஒரு மணி நேரம், காரில் மூணு பேர். உங்க பங்கு 20 நிமிஷம். மொத்தம் 400 நிமிஷம், அதாவது 6 மணி 40 நிமிஷம். ஒரு ஸ்டீயரிங் மணி நேரத்துக்கு 900 ரூபாய்.

வழி 2, க்ராஷ் கோர்ஸ்: 9,000 ரூபாய், 6 நாள், தினம் 2 மணி நேரம், நீங்க ஒருத்தர் மட்டும். மொத்தம் 12 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 750 ரூபாய்.

வழி 3, வார இறுதி கோர்ஸ்: அதே 9,000 ரூபாய், நாலு வாரம் சனி, ஞாயிறு மட்டும், தினம் ஒன்றரை மணி நேரம், நீங்க மட்டும். இதுவும் 12 மணி நேரம், 750 ரூபாய்.

பார்த்தீங்களா? போர்டில் மலிவாகத் தெரிஞ்ச 6,000 ரூபாய் கோர்ஸ்தான் மணிக் கணக்கில் விலை அதிகம். க்ராஷ் கோர்ஸ்னாலே கொள்ளை என்று நினைக்கவும் தேவையில்லை, தனியாகக் கத்துக் கொடுத்தால் அது நியாயமான விலையாகவே இருக்கலாம். ஆனா அதே பத்து நாள் கோர்ஸில் காருக்குள் நாலு பேரை உட்கார வெச்சால் கதை தலைகீழ்.

இன்னொண்ணும் கவனிங்க. 12 மணி நேரம் ஓட்டினாலும் 21-க்கு இன்னும் 9 மணி நேரம் பாக்கி. அந்த 9 மணி நேரத்தை எங்கே, யார் காரில் ஓட்டப் போறீங்க? இதுக்குப் பதில் இல்லைன்னா எந்தக் கோர்ஸ் சேர்ந்தாலும் பாதிக் கிணறுதான்.

லீவுக்கும் விலை உண்டு

சம்பளக்காரர்கள் மறக்குற செலவு இது. வழி 2-ஐ சனிக்கிழமை ஆரம்பிச்சால் வியாழன் வரை போகும். பகலில்தான் நேரம் கொடுப்பாங்கன்னா நாலு நாள் லீவு.

அந்த லீவு எந்த வகை என்பதைப் பொறுத்து விலை மாறும். வருஷக் கடைசியில் வீணாகப் போற கேஷுவல் லீவு என்றால் விலை பூஜ்யம், தாராளமா எடுங்க. அடுத்த வருஷத்துக்குக் கொண்டு போகவோ காசாக்கவோ முடியுற லீவு என்றால் அதுக்கு மதிப்பு இருக்கு. ப்ரொபேஷனில் இருக்கீங்க, லீவே இல்லை, சம்பளப் பிடித்தம்தான் என்றால் அது நேரடிச் செலவு.

40,000 ரூபாய் சம்பளத்தை 30-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 1,333 ரூபாய். நாலு நாளுக்கு 5,333. கோர்ஸின் உண்மையான விலை 9,000 இல்லை, 14,333. ஸ்டீயரிங் மணி நேரத்துக்கு 750-ஆக இருந்தது கிட்டத்தட்ட 1,194 ஆயிடும். அதே 12 மணி நேரம் வார இறுதியில் 750-க்கே கிடைக்குது.

தம்பி விஷயத்தில் இன்னொரு சிக்கல். அவன் நோட்டீஸ் பீரியடில் இருக்கான். நோட்டீஸ் பீரியடில் லீவு எடுத்தால் கடைசி நாளைத் தள்ளிப்போடும் வழக்கம் பல கம்பெனிகளில் உண்டு. அவன் கம்பெனியிலும் அப்படித்தான். ரிலீவிங் தேதி தள்ளிப்போனால் சேரும் தேதியும் தள்ளும்.

ஃபீஸில் எழுதாத மற்ற செலவுகள்

ஒண்ணு, டெஸ்டில் ஃபெயில் ஆவது. திரும்ப டெஸ்டுக்குப் போக குறைந்தது 7 நாள் காத்திருக்கணும். டெஸ்ட் கட்டணம் மறுபடி, அரை நாள் லீவு மறுபடி. பணம் பெரிசில்லை. ஆனா உங்களுக்கு ஒரு கெடு தேதி இருந்தால் அந்த 7 நாள் தங்கம். திட்டம் போடும்போதே ஒரு ஃபெயிலுக்கு இடம் விட்டுப் போடுங்க.

இரண்டு, லைசென்ஸ் செலவு. மத்திய விதிப்படி ஒரு வகை வாகனத்துக்கு எல்எல்ஆர் 150, அதுக்கான டெஸ்ட் 50, டிரைவிங் டெஸ்ட் 300, லைசென்ஸ் 200. மொத்தம் 700 ரூபாய். இதோட மாநிலக் கட்டணம், தபால் செலவு சேரும். ஸ்கூல் பில்லில் "லைசென்ஸ் செலவு" என்று பல ஆயிரம் இருந்தால், எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க. ரசீது இல்லாத தொகையைக் கட்டாதீங்க.

மூணு, வீட்டுக் காரில் பழகும்போது வரும் கீறல். தம்பி பழகப் போறது சித்தப்பா காரில். பல வருஷமா க்ளெய்ம் இல்லாம ஓட்டி, நோ க்ளெய்ம் போனஸ் 50 சதவீதம் சேர்த்து வெச்சிருக்கார். சொந்தச் சேதத்துக்கான ப்ரீமியம் 10,000 என்றால் வருஷம் 5,000 ரூபாய் தள்ளுபடி. இவன் பம்பரைத் தூணில் தேய்ச்சு 6,000 ரூபாய் செலவு வந்தால், சின்ன காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 போக க்ளெய்மில் கிடைப்பது 5,000. ஆனா போனஸ் போயிடும். அடுத்த வருஷமே அந்த 5,000 கைவிட்டுப் போகும், அப்புறம் 20 சதவீதத்திலிருந்து திரும்ப ஏறி வரணும். அதனால சின்னக் கீறலுக்கு க்ளெய்ம் போடாம, பழகுற செலவுன்னு ஒரு 5,000 ரூபாய் தனியா எடுத்து வெச்சுக்குங்க.

எல்எல்ஆரோட பழகும்போது முன்னாலும் பின்னாலும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' கட்டாயம். லைசென்ஸ் உள்ளவர் வண்டியை நிறுத்தக்கூடிய மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கணும். இதை மீறி ஓட்டும்போது விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் க்ளெய்மே சிக்கலாகும்.

அப்போ க்ராஷ் கோர்ஸ் யாருக்கு?

இந்த மூணும் பொருந்தினால் தாராளமா சேருங்க:

1. எல்எல்ஆர் ஏற்கெனவே கையில் இருக்கு, டெஸ்டுக்குப் போகும் நாள் நெருங்கிடுச்சு. அல்லது ஆறு மாசம் முடியப் போகுது.
2. கோர்ஸ் முடிஞ்ச மறுநாளிலிருந்தே ஓட்ட ஒரு காரும், பக்கத்தில் உட்கார ஒரு ஆளும் இருக்கு.
3. லீவுக்கு விலை இல்லை, அல்லது காலை ஆறு மணி மாதிரி ஆபீஸ் நேரத்துக்கு வெளியே கிளாஸ் கிடைக்குது.

கார் வாங்கும் எண்ணம் இரண்டு வருஷத்துக்கு இல்லை, வீட்டிலும் கார் இல்லை என்றால் க்ராஷ் கோர்ஸ் வேண்டாம். என் கதைதான் உங்களுக்கும் நடக்கும். லைசென்ஸ் மட்டும் எடுத்து வெச்சுக்கலாம்னு நினைச்சால் அது தப்பில்லை. 30 வயசுக்குள் எடுத்தால் 40 வயசு வரை செல்லும். ஆனா வார இறுதி கோர்ஸா, நிதானமா கத்துக்குங்க. கார் வாங்கும் சமயத்தில் நாலைந்து மணி நேர ரிஃப்ரெஷர் கிளாஸுக்கும் பட்ஜெட் போடுங்க.

பயம் அதிகம் உள்ளவர்களும் தினம் இரண்டு மணி நேரம் ஓட்டுவதை யோசிச்சுப் பண்ணுங்க. அரை மணி நேரத்துக்கு மேல உடம்பு இறுகிடும், மீதி நேரம் காசுதான் ஓடும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

- மொத்தம் எத்தனை மணி நேரம் ஸ்டீயரிங் என் கையில் இருக்கும்? ஒரு காரில் எத்தனை பேர்?
- காரில் டூயல் கன்ட்ரோல் இருக்கா? டிரைவிங் ஸ்கூல் காரில் இது கட்டாயம்.
- பயிற்சி நேரத்தைப் பதிவு பண்ணும் படிவம் 15 பதிவேட்டில் என் பேர் வருமா? தினம் ஓட்டின நேரத்தை நீங்களும் போனில் குறிச்சு வெச்சுக்குங்க.
- மேம்பாலம், நெடுஞ்சாலை, ராத்திரி ஓட்டம், பார்க்கிங் இதெல்லாம் உண்டா?
- நடுவில் நின்னால் பணம் எவ்வளவு திரும்பும்? எழுத்தில் தருவாங்களா?
- சொல்லும் ரேட் ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா?

முழுப் பணத்தையும் முதல் நாளே கட்டாதீங்க. இரண்டு கிளாஸுக்கு மட்டும் கட்டிப் பாருங்க. கத்துக் கொடுப்பவர் கத்துபவரா, சொல்லிக் கொடுப்பவரா என்று அதிலேயே தெரிஞ்சிடும்.

கடைசியா ஒண்ணு. "இந்த ஃபீஸை 80சி-யில் காட்டலாமா?" என்று கேட்கப் போறீங்கன்னு தெரியும். முடியாது. அது குழந்தைகளின் முழுநேரப் படிப்புக்கான டியூஷன் ஃபீஸுக்குத்தான், உங்க டிரைவிங் கிளாஸுக்கு இல்லை. ஆனா வேலைக்காகவே கத்துக்கச் சொல்லியிருந்தால் கம்பெனி திருப்பித் தருமான்னு ஹெச்ஆரிடம் கேளுங்க. கேட்கிறதுக்குக் காசு இல்லை. ரசீதைப் பத்திரமா வெச்சுக்குங்க.

தம்பி என்ன பண்ணினான்?

அன்னைக்கு ராத்திரியே எல்எல்ஆருக்கு விண்ணப்பிச்சான். நாலாவது நாள் கிடைச்சது. க்ராஷ் கோர்ஸை விட்டுட்டு வழி 3-ல் சேர்ந்தான். நாலு வாரமும் அந்த 30 நாள் காத்திருப்புக்குள்ளேயே அடங்கிடுச்சு. வார நாளில் காலை சித்தப்பாவைப் பக்கத்தில் உட்கார வெச்சு ரிங் ரோடு பக்கம் அரை மணி நேரம். மொத்தம் 20 மணி நேரத்துக்கு மேல ஓட்டிட்டான், ஒரு நாள்கூட லீவு எடுக்கலை.

35-வது நாள் டெஸ்ட். ரிவர்ஸில் கோட்டை விட்டு ஃபெயில். போன் பண்ணி அழாத குறை. "ஏழு நாள் இருக்குடா, போய் ரிவர்ஸ் மட்டும் பழகு" என்றேன். 42-வது நாள் பாஸ். 45-வது நாள் வேலையில் சேர்ந்துட்டான்.

அவனைக் காப்பாத்தினது கோர்ஸோட வேகம் இல்லை, முதல் நாளே ஓட ஆரம்பிச்ச அந்த 30 நாள் கடிகாரம். போன வாரம் சித்தியை உட்கார வெச்சுத் திருப்பரங்குன்றம் கோயிலுக்கு ஓட்டிட்டுப் போனதா போட்டோ அனுப்பியிருந்தான். பம்பரில் ஒரு கீறல் இருந்தது. க்ளெய்ம் போடலையாம்!

உங்க சம்பளம், லீவு, கோர்ஸ் ரேட் மூணையும் போட்டால் ஸ்டீயரிங் மணி நேர விலையை எப்படி எடுப்பதுன்னு நம்ம சேனல் வீடியோவில் படிப்படியா காட்டியிருக்கேன். டிரைவிங் கத்துக்கலாமான்னு யோசிக்கிற நண்பருக்கு இதை அனுப்புங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்.